எந்த அங்கத்தைத் திரையிடுவது? பணியிட நகைச்சுவை எழுதக் கற்போருக்கான ஒரு தெரிவு

திருகோணமலையில் குறும்படத்துக்கும் மேடைக்கும் நகைச்சுவை எழுத விரும்பும் இளையோருக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒழுங்கு செய்யும் எழுத்துப் பட்டறையின் முதல் மாலையில், பணியிடத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து ஓர் அங்கத்தை முழுமையாகத் திரையிடுவதென்றும், மறுநாள் காலையில் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து ஆராய்வதென்றும் முடிவாகியிருக்கிறது. எந்த அங்கம் என்பது மட்டும் முடிவாகவில்லை. இறுதிப் பட்டியலில் மூன்று நிற்கின்றன: 1981இல் பிபிசி ஒளிபரப்பிய ‘யெஸ் மினிஸ்டர்’ தொடரின் ‘த கம்பாஷனேட் சொசைட்டி’, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த ‘தி ஆஃபிஸ்’ தொடரின் ‘டைவர்சிட்டி டே’ (2005), அதே தொடரின் இரண்டாம் பருவத்தில் வந்த ‘தி இஞ்சரி’ (2006). மூன்றையும் நான் விரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆயினும் திரையிட ஓர் அங்கத்துக்கே நேரம் இருப்பதால், ஒவ்வொன்றின் பலத்தையும் பலவீனத்தையும் இந்த ஊரின் பார்வையாளரை மனத்தில் வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது.

பார்வையாளர் யார் என்பதிலிருந்து தொடங்குவது முறையாகும். நிலாவெளிப் பக்கமாகக் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலும் வணிகமும் கற்கும் மாணவர்கள் சிலரும், அரச அலுவலகங்களில் முகாமைத்துவ உதவியாளர்களாகச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளேயான இளம் ஊழியர்களும், ஹோட்டல்களிலும் துறைமுகத்தை அண்டிய தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோரும் வருவார்கள் என எதிர்பார்க்கிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர். தமிழர் மூன்றில் ஒரு பங்கை அண்டியவர்கள். சிங்களவர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள். பட்டறையின் அறையும் ஏறக்குறைய அப்படியே அமையும். அவர்களுள் பலர் இந்தத் தொடர்களின் பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே முன்கதை தெரியாமலேயே விளங்கக்கூடிய, அரை மணி நேரத்துக்குள் முடிகிற அங்கம் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளிலும் மூன்று அங்கங்களுமே தேறிவிடுகின்றன.

எனவே தெரிவுக்கு வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. பணியிட நகைச்சுவையில் அதிகாரம் உடையவர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே, எழுந்து போய்விட முடியாத நிலையில் சம்பளத்துக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். சிரிப்பு இந்த இருவரில் யார் மீது விழுகிறது, கீழே இருப்பவருக்கு அந்த அங்கம் எதைக் கொடுக்கிறது என்பதே எழுதக் கற்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே இருப்பவருக்கு வசனம் கொடுக்கப்படலாம், வெறும் முகம் கொடுக்கப்படலாம், ஒன்றுமே கொடுக்கப்படாமலும் போகலாம். எழுதியவரின் மனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்தப் பங்கீடே காட்டிவிடுகிறது.

நான்காவதாக ஒரு தொடரும் பேச்சில் இருந்தது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் நிறைந்திருப்பதால், ஒரு சிறிய ஆங்கிலேய ஹோட்டலைக் களமாகக் கொண்டு 1975இலும் 1979இலும் மொத்தம் 12 அங்கங்களே எடுக்கப்பட்ட ‘ஃபோல்ட்டி டவர்ஸ்’ நமக்கு மிக நெருக்கமானது என்று சொல்லப்பட்டது. அதன் கட்டமைப்பு மிகச் சிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே சிரிப்பின் பெரும்பகுதி, ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஸ்பானியப் பரிசாரகர் மனுவேல் அடிபடுவதிலும் திட்டு வாங்குவதிலுமே பிறக்கிறது. தனக்குத் தெரியாத மொழியில் நிரப்பப்பட்ட படிவத்தோடு கருமபீடத்தின் முன் நின்ற அனுபவம் இல்லாதவர் இந்த மாவட்டத்தில் அரிது. அந்த அனுபவத்தைச் சிரிப்புக்குரியதாக முதல் மாலையிலேயே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

‘த கம்பாஷனேட் சொசைட்டி’யின் கரு, அதைச் சொன்ன மாத்திரத்திலேயே எவருக்கும் புரியும். இலண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வைத்தியசாலை ஒன்று 15 மாதங்களாக இயங்கிவருகிறது. நிருவாக ஊழியரும் துணை ஊழியருமாக 500 பேர் வரை அங்கே வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு நோயாளி கூட இல்லை, ஏனெனில் வைத்தியர்களையும் தாதியரையும் நியமிக்கப் பணம் மிஞ்சவில்லை. இதைக் கண்டுபிடிக்கும் அமைச்சர் ஜிம் ஹக்கர் பதறுகிறார். அவருடைய அமைச்சின் நிரந்தரச் செயலாளரான சேர் ஹம்ப்ரியோ, நோயாளர் வருவதற்கு முன்னரே கணக்கும் பராமரிப்பும் ஊழியர் நலனும் ஒழுங்காக நடந்தாக வேண்டும் என்று படிப்படியாக நிறுவிவிடுகிறார். அந்த வைத்தியசாலை சுகாதாரத்துக்காக விருதுக்குக் கூடத் தகுதி பெறுகிறது. அன்ரனி ஜேயும் ஜொனதன் லின்னும் எழுதிய இந்தத் தொடரின் பெரும் பலம் இந்தத் தருக்கமே. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே நியாயமாக இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அடைகிற இடம் மட்டும் அநியாயமாக இருக்கிறது. சோல்பரி அரசியலமைப்பின் காலத்தில் இலங்கையிலும் நிரந்தரச் செயலாளர் என்ற பதவி இருந்தது. கோவையும் குறிப்புத்தாளும் சுற்றுநிருபமும் அதே நிருவாக மரபிலிருந்தே நமக்கு வந்தன. ஆகையால் அந்த உலகத்தை நம்மவருக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை.

இருந்தும் இதைத் திரையிடுவதற்கு எதிராக இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது சிறியது: வசனம் மிக அடர்த்தியானது. சேர் ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹோதோர்ன் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் நீண்ட வாக்கியத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் திரையின் அடியில் போட்டால், பார்ப்பவரின் கண் எழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். நடிகரின் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அதோடு நமது மேடைக்கு ஏற்கெனவே வசன மோகம் உண்டு. எழுதப் பழகுபவருக்கு முதல் முன்மாதிரியாகச் சேர் ஹம்ப்ரியைக் காட்டினால், மறுநாள் எழுதப்படும் பாத்திரங்கள் எல்லாம் பட்டிமன்றப் பேச்சாளராகவே வந்து நிற்கும்.

இரண்டாவது காரணம் பெரியது. அந்த வைத்தியசாலையில் நோயாளர் இல்லை என்பது கதை. அந்த அங்கத்திலும் நோயாளர் இல்லை என்பது அதன் குறை. சிகிச்சை கிடைக்காமல் காத்திருக்கும் ஒருவருடைய முகம் கூட நமக்குக் காட்டப்படுவதில்லை. அமைச்சரும் செயலாளரும் தொழிற்சங்கத் தலைவரும் தமக்குள் வாதாடுகிறார்கள். யாரை முன்னிட்டு வாதாடுகிறார்களோ அவர் அறைக்குள் வரவே இல்லை. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ கிளினிக் கொப்பியோடு விடியற்காலை பஸ் ஏறி வருகிற ஒரு தாயின் மகனோ மகளோ இந்தப் பட்டறையில் இருக்கக்கூடும். அவர்கள் சிரிப்பார்கள், ஆனால் தங்களை அந்தக் கதையில் தேடிக் காணமாட்டார்கள். மேலிடத்தின் உள்விவகாரத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற எழுத்து, கீழிடத்தை முற்றாக வெளியே விட்டுவிடுகிறது.

‘தி இஞ்சரி’ இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ரன்ரன் நகரத்துக் காகித விற்பனை நிறுவனக் கிளையின் முகாமையாளரான மைக்கல் ஸ்கொட், பன்றி இறைச்சி வறுபடும் மணத்தோடு விழித்தெழ ஆசைப்பட்டு, படுக்கைக்கு அருகில் மின்னடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி, எழும்போது அதன் மேலேயே காலை வைத்துச் சுட்டுக்கொள்கிறார். (முஸ்லிம் பங்கேற்பாளருக்கு இது சங்கடம் தரும் என்று நண்பர் ஒருவர் கருதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் காட்டப்படுவது ஒருவருடைய மூடத்தனமே அன்றி உணவு அல்ல.) அவரை அழைத்துவர ஓடும் அவருடைய ஊழியன் டுவைட், காரைக் கம்பத்தில் மோதித் தலையில் அடிபடுகிறான். மைக்கலின் சிறு காயம் நாள் முழுவதும் அனுதாபம் கேட்டுக் கூச்சலிடுகிறது. டுவைட்டின் பெருங்காயத்தை நெடுநேரம் எவரும் கவனிப்பதில்லை. கற்றுக்கொடுப்பதற்கு இதைவிடத் தெளிவான அமைப்பு கிடையாது: ஒரே அறையில் இரண்டு காயங்கள், சத்தம் ஒன்றிலும் ஆபத்து மற்றொன்றிலும்.

இந்த அங்கத்தின் உச்சம் என்று நான் கருதுவது பில்லி என்பவர் வரும் காட்சி. ஊழியர்கள் தமக்கு இரங்கவில்லை என்று குறைப்படும் மைக்கல், அந்தக் கட்டடத்தைப் பராமரிக்கும் அதிகாரியான பில்லியைக் கூட்டத்துக்கு அழைக்கிறார். காரணம், பில்லி சக்கர நாற்காலியில் வாழ்பவர். பல் துலக்குவது போன்ற சாதாரண வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்க, முப்பது செக்கன் இருக்கலாம் என்று பில்லி இயல்பாகச் சொல்கிறார். அது தமக்கு எடுப்பதைப் போல மூன்று மடங்கு என்று மைக்கல் வருந்துகிறார். பில்லியாக நடித்த மார்கஸ் யோர்க், தம் வாழ்விலும் சக்கர நாற்காலியில் இயங்கியவர். போரில் அவயவம் இழந்தவர்களோடு ஒரே வீதியில் வாழும் ஊர் நம்முடையது. அவர்களைப் பார்த்துக் கண்ணீர் விடவோ கண்ணைத் திருப்பிக்கொள்ளவோ மட்டுமே பழகியிருக்கிறோம். பில்லி இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காமல், அமைதியாகப் பதில் சொல்லி, எதிரில் இருப்பவரின் இரக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் தற்பெருமையை வெளியே கொண்டுவருகிறார். கீழே வைக்கப்பட்டவருக்கு நல்ல வசனம் கொடுப்பது எப்படி என்பதற்கு இதுவே நான் அறிந்த மிகச் சிறந்த பாடம்.

ஆனால் அந்தக் காட்சி அங்கத்தின் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை பெரும்பாலும் உடல் சார்ந்த நகைச்சுவை: தடுமாறுதல், விழுதல், வாந்தி, முடிவில் வைத்தியசாலையின் ஸ்கேன் இயந்திரத்துக்குள் மைக்கல் தம் காலை நுழைக்கப் பார்த்தல். இவற்றைப் பார்த்துக் குழந்தையும் சிரிக்கும் என்பது பலம். அலுவலகம் என்பது இங்கே பின்னணித் திரையாக மட்டுமே நிற்கிறது என்பது பலவீனம். வேலையும் விதியும் கூட்டமும் கையெழுத்தும் கதையை நகர்த்துவதில்லை. இதே கதை ஒரு கலியாண வீட்டிலும் நடந்திருக்கலாம். தவிர, மைக்கல் இதில் இவ்வளவு குழந்தைத்தனமாக இருப்பதால், இப்படி ஒரு மேலதிகாரி எங்கே இருக்கிறார் என்று பார்ப்பவர் தம் அலுவலகத்தை மறந்து நிம்மதியாகச் சிரித்துவிடுவார். அந்த நிம்மதி பட்டறையின் முதல் மாலைக்கு உதவாது.

இனி ‘டைவர்சிட்டி டே’. 2005 மார்ச் 29 அன்று ஒளிபரப்பான இந்த அங்கம், தொடரின் இரண்டாவது அங்கமாகும். முதல் அங்கம், இதற்கு மூலமான அதே பெயருடைய பிரித்தானியத் தொடரின் தொடக்கத்தைப் பெரும்பாலும் தழுவியிருந்தமையால், அமெரிக்க எழுத்தாளர்கள் தாமாகவே எழுதிய முதற் கதை இதுவே எனலாம். எழுதியவர் பி.ஜே. நோவக்; இயக்கியவர் கென் குவாப்பிஸ். மைக்கல், நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ரொக்கின் நிகழ்ச்சியொன்றை அலுவலகத்தில் பேசிக் காட்டியதால் எழுந்த முறைப்பாட்டின் பேரில், பல இனத்தவரையும் மதித்து நடக்கக் கற்பிக்கும் பன்மைத்துவப் பயிற்சிக்காகத் தலைமையகம் வெளியிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளரை அனுப்புகிறது. லாரி வில்மோர் நடித்த அந்தக் கறுப்பினப் பயிற்றுவிப்பாளரின் பெயர் பிரவுன் (ஆங்கிலத்தில் பழுப்பு நிறம்). அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதே தமக்கு வைக்கப்பட்ட சோதனை என்று எண்ணி, மைக்கல் அப்படி அழைக்க மறுக்கிறார். பயிற்சி முடியும் நேரத்தில் ஓர் உண்மை வெளிவருகிறது: ஒப்பமிடப்பட வேண்டிய படிவத்தில் மைக்கலின் ஒப்பம் மட்டுமே தேவை, ஏனையோர் உட்கார வைக்கப்பட்டது அவரைத் தனியே அவமானப்படுத்தாமல் இருப்பதற்காக. மனம் புண்பட்ட மைக்கல், பிற்பகலில் தாமே ஒரு பயிற்சியை நடத்துகிறார்.

கதையமைப்பின் முதற் பலம் இந்த முற்பகல் – பிற்பகல் இணைப்பில் இருக்கிறது. முற்பகலில் நிதானமான, சற்று வறட்சியான, ஆனால் மனிதரை மதிக்கிற பயிற்சி. பிற்பகலில் உற்சாகமான, வண்ணமயமான, மனிதரைச் சிதைக்கிற பயிற்சி. இரண்டும் ஒரே அறை, ஒரே நாற்காலிகள், ஒரே ஊழியர்கள். தவறு செய்தவரே ஆசிரியராக மாறிவிடுகிறார், ஏனெனில் அறையின் திறப்பு அவரிடம் இருக்கிறது. நமது கூத்தில் அரசன் வேறு, கோமாளி வேறு. கோமாளி அரசனைக் கேலி செய்யலாம், சபை சிரிக்கும். இங்கே அரசனும் கோமாளியும் ஒரே ஆள். அந்த ஆள் தன்னைக் கோமாளி என்று அறியாததாலும், சபையில் இருப்பவர்களின் சம்பளம் அவர் கையில் இருப்பதாலும், சிரிக்க வேண்டிய சபை வாய்மூடி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் மட்டும் சிரிக்கிறார், சிரித்தபடியே கூசுகிறார்.

இரண்டாவது பலம், அந்த அறையை நமக்கு நன்றாகத் தெரியும் என்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009இல் போர் முடிந்த பின்னரும், இந்த மாவட்டத்தில் நல்லிணக்கம், முரண்பாட்டுத் தீர்வு, பன்மைத்துவம் என்ற தலைப்புகளில் நடந்த பயிலரங்குகளில் ஒன்றிலேனும் உட்காராத ஆசிரியரோ அரச ஊழியரோ சங்க உறுப்பினரோ குறைவு. பெரிய தாள், வண்ணப் பேனை, குழுவாகப் பிரித்தல், சட்டையில் ஒட்டும் பெயர் அட்டை, பத்தரை மணிக்குத் தேநீரும் றோல்ஸும், முடிவில் கையொப்பப் பட்டியல். அவற்றுள் உண்மையான உழைப்போடு நடத்தப்பட்டவை உண்டு. வருகைப் பட்டியலுக்காக நடத்தப்பட்டவையும் உண்டு. மைக்கல் தம் ஊழியரின் நெற்றியில் அட்டை ஒட்டத் தொடங்கும்போது, பென்சில்வேனியாவில் நடக்கும் கதை திடீரெனத் திருகோணமலைக்கு வந்துவிடும்.

அந்த அட்டை விளையாட்டே அங்கத்தின் மையம். ஒவ்வொருவர் நெற்றியிலும் ஓர் இனத்தின் பெயர். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைச் சுமப்பவருக்குத் தெரியாது. எதிரில் நிற்பவர் அந்த இனத்தாரை எப்படி நடத்துவாரோ அப்படி நடத்த, சுமப்பவர் தாம் யாரென்று ஊகிக்க வேண்டும். கறுப்பினத்தவரான ஸ்டான்லிக்குக் கிடைப்பதும் கறுப்பர் என்ற அட்டையே. வரவேற்பாளரான பாம் நெற்றியில் யூதர் என்றிருக்கிறது. இவர்கள் இருவரும் தயங்கித் தயங்கி எதிரெதிரே நிற்க, மைக்கல் அருகே வந்து, அடிமைமுறையும் யூதப் படுகொலையும் துயரத்தின் ஒலிம்பிக்கில் போட்டியிடுவதாக ஆரவாரித்து அவர்களை உந்துகிறார்.

இந்த ஒரு நொடிக்காகவே இந்த அங்கத்தை நம் ஊரில் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1983, 1990, 2006 ஆகிய ஆண்டுகளை இந்த மாவட்டத்தில் எவரிடம் சொன்னாலும், அவரவர் சமூகத்தின் இழப்பும் இடப்பெயர்வும் அவரவர் நினைவில் எழும். யாருடைய துயரம் பெரிது என்ற ஒப்பீடு நமது தேநீர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் மேடைகளிலும் இன்றும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஒப்பீட்டை நடத்துபவர் பெரும்பாலும் துயரப்பட்டவராக இருப்பதில்லை. அதைப் பார்த்து உற்சாகம் அடைகிற மூன்றாமவராகவே இருக்கிறார் என்பதை இந்தக் காட்சி ஒரு வாக்கிய விளக்கமும் இன்றிக் காட்டிவிடுகிறது. பாமும் ஸ்டான்லியும் போட்டியிட விரும்பவில்லை. போட்டி வேண்டும் என்பவர் மைக்கல் மட்டுமே. பிரசங்கமாக எழுதப்பட்டிருந்தால் நம் பார்வையாளர் எழுந்து போயிருப்பார்கள்.

மூன்றாவது பலம், மௌனத்துக்குக் கொடுக்கப்பட்ட இடம். இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆவணப்படக் குழுவொன்று அலுவலகத்தைப் படம் பிடிக்கிறது என்ற கற்பனையில் எல்லாம் எடுக்கப்படுவதால், கமெரா ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் திரும்பும். சிலர் கமெராவை நேரே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள். மெக்சிக்கோ வம்சாவளியினரான ஒஸ்காரிடம், மெக்சிக்கர் என்பதற்குப் பதிலாகப் புண்படுத்தாத வேறு சொல் உண்டா என்று மைக்கல் அக்கறையோடு கேட்கும்போது, ஒஸ்காரின் முகத்தில் ஓடுவதைச் சொல்ல ஒரு பக்க வசனம் போதாது. எதிர்த்துப் பேச முடியாதவருக்கு முகத்தையாவது கொடுத்த எழுத்து இது. வசனத்தை நம்பியே வளர்ந்த நம் எழுத்தாளர்களுக்கு, யார் பேசவில்லை என்பதையும் எழுத வேண்டும் என்று காட்ட இதுவே தக்க சான்று. மேடைக்கு எழுதுவோருக்கு அண்மைக் காட்சி கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் பேசாத நடிகரை மேடையில் எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியையாவது அவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

விற்பனை ஊழியரான ஜிம்மின் உபகதையையும் விட்டுவிடக் கூடாது. அவருடைய ஆண்டுத் தரகுப் பணத்தில் நான்கில் ஒரு பங்கைத் தரவல்ல ஒரு விற்பனை அன்று முடிய வேண்டும்; கூட்டங்கள் இழுத்தடிக்க, அந்த விற்பனை டுவைட்டுக்குப் போய்விடுகிறது. முகாமையாளரின் மனப்புண்ணுக்கு ஊழியர் கொடுத்த விலை இவ்வளவு என்பது அடங்கிய குரலில் சொல்லப்படுகிறது. கூட்டத்தின் இறுதியில் பாம் தூக்கத்தில் அவர் தோளில் சாய்வதால், அன்றைய நாள் மோசமில்லை என்று அவர் ஆறுதல் கொள்வது இனிமையாக இருக்கிறது. இழப்பை எளிதில் மறக்கடித்தும் விடுகிறது.

பலவீனங்கள் சிறியவை அல்ல. மிகக் கடுமையானது கெலி வரும் காட்சி. இந்திய வம்சாவளிப் பெண்ணான கெலி, கூட்டம் நடப்பதை அறியாமல் இடையில் உள்ளே வருகிறாள். மைக்கல் கடைக்காரர் ஒருவரின் இந்திய உச்சரிப்பைக் கேலியாகப் பேசிக் காட்டுகிறார். அவள் அவரை அறைந்துவிட்டு வெளியேறுகிறாள். அறை விழும்போது பார்ப்பவர் மனம் ஆறும். ஆனால் கெலிக்குக் கொடுக்கப்பட்டது அந்த அறை ஒன்றே. அவள் என்ன நினைத்தாள், நாளை எப்படி வேலைக்கு வருவாள் என்று அங்கம் கேட்பதில்லை. கமெரா அவளைத் தொடர்ந்து போகாமல், அறை வாங்கியவரிடமே திரும்பி, அவர் தம்மைத் தேற்றிக்கொள்வதைக் கேட்கிறது. கெலியாக நடித்த மின்டி கேலிங்கே பின்னர் ‘தி இஞ்சரி’யை எழுதினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஒன்றில் ஏறக்குறைய வசனம் இன்றி நின்ற நடிகை, மற்றொன்றில் பில்லிக்கு அவ்வளவு நல்ல வசனம் எழுதியிருக்கிறார்.

உச்சரிப்பைப் பாவனை செய்யும் நகைச்சுவை நமக்குப் புதியதன்று. 1970களில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ கேட்டவர்களுக்கு மரைக்காரும் உபாலியும் அப்புக்குட்டியும் ஐயரும் தத்தம் தமிழில் பேசியது இன்னும் காதில் நிற்கும். அங்கே நால்வரும் சமநிலையில் நின்று ஒருவரையொருவர் சீண்டினார்கள். ஒருவருடைய பேச்சு மற்றவருடையதைவிடத் தாழ்ந்தது என்று எவரும் முகாமையாளர் நாற்காலியிலிருந்து சொல்லவில்லை. கெலி காட்சியை விளக்கும்போது இந்த வேறுபாட்டை எடுத்துச் சொன்னால், பாவனை எப்போது உறவாகிறது, எப்போது அவமதிப்பாகிறது என்பது நம்மவருக்கு உடனே பிடிபடும். ஆயினும் அப்படி ஒரு விளக்கத்தின் துணை தேவைப்படுவதே அந்தக் காட்சியின் குறைதான்.

அடுத்த குறை, பயிற்றுவிப்பாளர் பிரவுன் பாதியிலேயே போய்விடுவது. அறையில் இருந்த ஒரே தகுதியானவர் வெளியேறிய பின், பன்மைத்துவப் பயிற்சி என்றாலே பித்தலாட்டம் என்ற எண்ணம் பார்ப்பவரிடம் தங்கிவிடலாம். நம் மாவட்டத்தில் அது ஆபத்தான எண்ணம். 2007ஆம் ஆண்டின் பொதுநிருவாகச் சுற்றுநிருபத்தின்படி புதிய அரச ஊழியர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். அதற்கான வகுப்புகளில் உட்கார்ந்து சிங்களமோ தமிழோ கற்று, கருமபீடத்துக்கு வருபவரோடு நேரே பேசத் தொடங்கிய ஊழியர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுடைய முயற்சியை இந்த அங்கம் இழிவுபடுத்துவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. பாம், ஆசியர் அட்டை சுமக்கும் டுவைட்டிடம், தமக்கு உடன்பாடில்லை என்று பலமுறை சொல்லிவிட்டு, நன்றாக வாகனம் ஓட்டமாட்டாய் என்ற குறிப்பைக் கொடுக்கும் இடமும் இருபக்கக் கூர்மையுடையது. அவள் படும் சங்கடம் உண்மையானது. ஆனால் அந்தச் சங்கடத்தின் மறைவில் ஆசியரைப் பற்றிய ஒரு பழைய ஏளனமும் சிரிப்பை வாங்கிக்கொள்கிறது. அமெரிக்க வரலாறு தெரியாதவருக்குச் சில குறிப்புகள் விளங்காது என்பதையும் சேர்க்கலாம், அது அரைப்பக்கக் குறிப்பினால் தீர்ந்துவிடும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபின், முதல் மாலைக்கு ‘டைவர்சிட்டி டே’யையே நான் முன்மொழிகிறேன். மூன்றிலும் சுத்தமான கட்டமைப்பு ‘தி இஞ்சரி’க்கு உண்டு; கூர்மையான மொழி ‘த கம்பாஷனேட் சொசைட்டி’க்கு உண்டு. ஆனால் பணியிடம் என்ற ஒன்று இல்லாவிட்டால் நடந்தே இருக்க முடியாத கதை, அதிகாரமும் இனமும் ஒரே அறையில் உட்காரும் கதை, நம் பங்கேற்பாளர் தாம் எழுத வேண்டிய உலகத்தை நேராகத் தொடும் கதை இதுவே. அதன் குறைகளும் மறைந்திருப்பவை அல்ல. மேசை மேல் எடுத்து வைத்து ஆராயத்தக்கவை. குறையற்ற அங்கத்தைப் பார்த்து வியப்பதைவிட, பெரும் பலமும் பெருங்குறையும் உள்ள அங்கத்தைத் திருத்தி எழுதிப் பார்ப்பதில் கற்பவருக்குக் கிடைப்பது அதிகம்.

சில ஏற்பாடுகள் கட்டாயம் வேண்டும். அங்கத்தை எந்த இடத்திலும் வெட்டாமல் காட்ட வேண்டும். கெலி காட்சியை மட்டும் துண்டாக எடுத்து விளம்பரத்துக்கோ அறிமுகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. தமிழ், சிங்களம் இரண்டிலும் வசன வரிகள் இருக்க வேண்டும்; அவற்றை எழுதுபவர் மைக்கலின் பேச்சை மென்மையாக்கிவிடக் கூடாது, ஏனெனில் அவருடைய தவறு மென்மையானால் ஏனையோரின் மௌனத்துக்கு அர்த்தம் போய்விடும். மறுநாள் கலந்துரையாடலை ஒருவர் நடத்தாமல், மூன்று சமூகங்களையும் சேர்ந்த மூவர் இணைந்து நடத்துவது நல்லது. முதற் பயிற்சியாக, வெளியேறிய கெலியோடு கமெராவும் வெளியே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்த பின்னரே ‘தி இஞ்சரி’யின் பில்லி காட்சியை மட்டும் போட்டுக் காட்டலாம், முன்னரே காட்டினால் எல்லோரும் பில்லியைப் பார்த்தே எழுதிவிடுவார்கள். அதன்பின் தாம் அறிந்த அலுவலகம் ஒன்றை – பிரதேச செயலகத்தின் கருமபீடமோ, ஹோட்டலின் வரவேற்பு மேசையோ, துறைமுக வாயிலோ – களமாகக் கொண்டு, மேலதிகாரிக்கு எத்தனை வரியும் கீழே இருப்பவருக்கு மூன்று வரி மட்டுமே என்ற விதியோடு அடுத்த காட்சியை எழுதலாம்.

‘த கம்பாஷனேட் சொசைட்டி’யைத் திரையிடத் தேவையில்லை. அதன் பலம் முழுவதும் வாக்கியங்களில் இருப்பதால், அமைச்சரும் செயலாளரும் வைத்தியசாலையைப் பற்றி வாதிடும் பகுதியைத் தமிழில் பெயர்த்து, இரண்டாம் நாள் பிற்பகலில் இருவரை எழுந்து நின்று வாசிக்கச் செய்தால் போதும். நேரம் மிஞ்சினால், அந்த வாதத்துக்கு நடுவே ஒரு நோயாளியை உள்ளே அனுப்பி எழுதிப் பார்க்கலாம்.